லவாலுக்குப் போகும் அழைப்பு

மொன்றியல்,
21 செப்டெம்பர் 2024

அன்புள்ள றொஷினி அக்கா,

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். வாசித்ததும் கிழித்துவிடுங்கள் என்று கேட்கலாம், ஆனால் நீங்கள் கடிதம் கிழிக்கிற ஆள் இல்லை. காட்டாமல் இருந்தால் போதும். உங்களோடு அறையில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கும் காட்ட வேண்டாம்.

சுகமாக இருக்கிறீர்களா? ஒட்டாவாவில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே அப்பாவும் அம்மாவும் எழும்புகிறார்கள், சாப்பிடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். சுகம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

என்னுடைய கைபேசி அப்பாவின் கணக்கில் இருக்கிறது. செய்தி அனுப்பினால் கூடத்தில் கிடக்கும் டேப்லெட்டிலும் அது வந்து விழும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பதிலை என்னுடைய சிநேகிதி ஆர்த்திகா வீட்டு முகவரிக்குப் போடுங்கள். அவளுடைய தம்பி அனுஜன் எந்தக் கடிதம் வந்தாலும் உடைப்பான். ஆனால் அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

நீங்கள் போன பிறகு அப்பாவுக்காக நான்தான் அவசர உதவி எண்ணான 911க்குத் தொலைபேசி எடுக்கிறேன். நீங்கள் செய்த அதே வேலைதான். அப்பா ஹோட்டல்களிலும் கந்தோர்களிலும் தொலைபேசிகளைப் பொருத்தி முடித்ததும், சனிக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நான் எடுத்து, "இது சோதனை அழைப்பு, உங்கள் திரையில் எந்த முகவரி தெரிகிறது?" என்று பிரெஞ்சில் கேட்பேன். முகவரி சரி என்றால் அப்பா சோதனைப் படிவத்தில் கையெழுத்து வைப்பார். அப்பா ஏன் தானே எடுப்பதில்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சு மட்டும் காரணம் என்றால் இந்தப் பதினெட்டு வருடத்தில் படித்திருப்பார். மறுமுனையில் பொலிஸ் இருக்கும் என்று நினைத்தாலே தொலைபேசியை என்னுடைய கையில் தந்துவிடுகிறார்.

சித்திரை மாதம் மொன்றியல் தீவின் மேற்கில், புவாண்ட்-கிளேரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தோம். முன்பக்கம் ஒரு கட்டடம், கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் பின்பக்கம் ஒரு கட்டடம். முன்கட்டடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பின்கட்டடத்திலிருந்து எடுத்தபோது ஆற்றுக்கு அப்பால் இருக்கும் லவால் நகரத்து 911 ஆட்கள் பதில் சொன்னார்கள். அந்த ஹோட்டலுக்கு லவாலிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. செலவு குறையட்டும் என்று பின்கட்டடத்துத் தொலைபேசிகளை அங்கே இருக்கும் கருவியோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் 911 திரையில் லவால் முகவரிதான் விழுகிறது. நான் அப்பாவிடம் அப்போதே சொன்னேன். அப்பா தன்னுடைய முதலாளி சண்முகவேல் அங்கிளிடம் சொன்னார். அங்கிள் பிறகு பார்க்கலாம் என்றார். அப்பா கையெழுத்து வைத்தார்.

ஆவணியில் பின்கட்டடத்து 214ஆம் அறையில் ஒருவர் குளியலறையில் விழுந்துவிட்டார். மனைவி 911க்கு எடுத்து, ஹோட்டலின் பெயரையும் அறை எண்ணையும் சொல்லிவிட்டு அழுதிருக்கிறார். அம்புலன்ஸ் லவால் ஹோட்டலின் 214ஆம் அறைக்குப் போய்த் தட்டியது. யாரோ ஒருவர் நித்திரைக் கண்ணோடு கதவைத் திறந்தாராம்.

விழுந்தவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் வலப்பக்கம் அசையாது, பேச்சும் இல்லை. இப்போது விசாரணை நடக்கிறது. 911 அழைப்புகள் எல்லாம் பதிவாகுமாம். என்னுடையதும்.

அக்கா, என்னைப் பிடிப்பார்களா?

இப்படிக்கு,
பயந்துபோய் இருக்கும்
லக்சனா

ஒட்டாவா,
30 செப்டெம்பர் 2024

அன்புத் தங்கை லச்சுவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடையின் பின்னறையில் இருந்து வாசித்தேன். யாரும் பார்க்கவில்லை. நான் நலம். குளிர் வந்துவிட்டது, நான் இன்னும் சப்பாத்து வாங்கவில்லை, அம்மாவுக்குச் சொல்லாதே.

முதலில் இதைக் கேள். உனக்குப் பதினைந்து வயது. உன்னை யாரும் பிடிக்கமாட்டார்கள். நீ சரியாகத்தான் செய்தாய். கேட்டாய், காதில் விழுந்ததை அப்பாவிடம் சொன்னாய். அதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை செய்ய என்ன இருக்கிறது?

அப்பா அதை அங்கிளுக்கு எழுதிக் கொடுத்தாரா, வாயால் மட்டும் சொன்னாரா? இன்னொன்றும் தெரிய வேண்டும். இப்போதாவது அந்தப் பின்கட்டடத்தைத் திருத்திவிட்டார்களா? அங்கே இன்றைக்கும் ஆட்கள் தங்குகிறார்கள்தானே?

அப்பா என்னைப் பற்றி ஏதும் கேட்டாரா? கேட்டிருக்கமாட்டார். சும்மா எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கணக்கைக் கவனி.

உன் அக்கா,
றொஷினி

மொன்றியல்,
15 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

சப்பாத்து வாங்கிவிட்டீர்களா? எனக்குத் தடிமல், வேறொன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது.

நேற்று விடுமுறை. சண்முகவேல் அங்கிளும் பத்மா அன்ரியும் வீட்டுக்கு வந்தார்கள். முறுக்கு, ஒரு பெட்டி லட்டு. அங்கிள் ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அம்மா அவசரமாகச் சோபாவில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு ஓடினார்.

"என்ன இந்திரா, ரவி சாருக்குத் தொப்பையே வராம பாத்துக்கறீங்களே, என்ன ரகசியம்?" என்று அன்ரி கேட்டார்.

"அவர் திண்டால்தானே தொப்பை வர" என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் அது உண்மை. அவர் சாப்பிடுவதே இல்லை.

அன்ரி குசினிக்குள் போனதும் அங்கிள் குரலைத் தாழ்த்தினார். நான் பிஸ்கற் தட்டோடு நின்றேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

"ரவி, அந்த டெஸ்ட் கால் ரெக்கார்டிங்கைத் தேடி எடுத்துட்டாங்களாம். யாரோ ஒரு பொண்ணு பேசியிருக்கு. யாரு அது?"

"தெரிஞ்ச பிள்ளை ஒண்டு, சேர்."

"சரி. அந்தப் பொண்ணு உங்ககிட்ட எதுவும் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க எங்கிட்ட சொல்லியிருப்பீங்க, நான் சரி பண்ணியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்."

"நான் உங்களுக்குச் சொன்னனான், சேர்."

"எப்ப சொன்னீங்க? பார்க்கிங் லாட்ல நின்னுக்கிட்டு ஆயிரம் பேசறோம் ரவி, எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

அப்பா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். பிறகு கேட்டார்.

"அந்த லைனை எண்டாலும் இப்ப மாத்திவிடுவமே சேர்? ஆக்கள் தங்கினமெல்லே."

"வக்கீல் கை வைக்காதேங்கறார். இப்ப தொட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். பதினாலு குடும்பம் இந்தக் கம்பெனியை நம்பி இருக்கு. எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னா நினைக்கறீங்க?"

அது பொய் இல்லை அக்கா. அவருடைய கண்கள் சிவந்திருந்தன. அப்பாவுக்கு யாரும் வேலை தராத காலத்தில் தந்தவர் அவர்தான். அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்கு வேலைக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான். அப்பா அவர் முன்னால் சாய்ந்து உட்காரவும் மாட்டார்.

போகும்போது அங்கிள் என்னைப் பார்த்து, எந்தப் பள்ளிக்கூடம் என்று பிரெஞ்சில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். என்னுடைய பிரெஞ்சு அவருடைய காதில் விழக்கூடாது என்று பட்டது.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்: வாயால்தான் சொன்னார். திருத்தவில்லை.

அப்பா உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உங்களுடைய குளிர்ச்சட்டை இன்னும் வாசலில்தான் தொங்குகிறது. எடுத்து வைக்கப்போன அம்மாவிடம், அது அங்கேயே கிடக்கட்டும் என்றார்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
லக்சனா

ஒட்டாவா,
21 ஒக்டோபர் 2024

அன்பு லச்சு,

உன் தடிமல் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சுகம், சப்பாத்தும் வாங்கிவிட்டேன்.

சுருக்கமாக எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிறது. நீ ஒன்றும் செய்யாதே. யாரிடமும் போகாதே. யார் பிரெஞ்சில் கேட்டாலும் ஆங்கிலத்தில் சொன்னது நல்ல புத்தி. நான் யோசித்து எழுதுகிறேன்.

குளிர்ச்சட்டையை நீ போட்டுக்கொள். உனக்குச் சரியாக இருக்கும்.

அக்கா

மொன்றியல்,
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

யோசித்து எழுதுகிறேன் என்றீர்கள். தீபாவளியும் போய்விட்டது. சுகமில்லையா? அல்லது என்னில் கோபமா? ஆர்த்திகா ஒவ்வொரு நாளும் காலையில் என்னைக் கண்டதும் தலையை இல்லை என்று ஆட்டுகிறாள். இப்போது வணக்கம் சொல்வதுபோல அது ஒரு பழக்கமாகிவிட்டது.

நீங்கள் செய்யாதே என்றதைச் செய்துவிட்டேன். நேற்று ஜான்-டலோன் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆர்த்திகாவும் நானும் மெட்ரோவிலும் பேருந்திலும் புவாண்ட்-கிளேருக்குப் போனோம். ஒருவேளை யாராவது இரகசியமாகவாவது திருத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். திருத்தியிருந்தால் எனக்கு நித்திரை வரும்.

பின்கட்டடத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு தொலைபேசி இருக்கிறது. ஆர்த்திகா வாசலில் காவல் நின்றாள்.

"கெதியா எடடி, ஆரும் வந்திடுவினம்" என்றாள்.

எடுத்தேன். சோதனை அழைப்பு என்றேன். லவால்தான், அக்கா. அதே ஹோட்டல், அதே முகவரி. அந்தப் பெண் என்னுடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டார். நான் வைத்துவிட்டேன்.

911க்கு எடுத்துவிட்டு இடையில் வைத்தால் பொலிசை அனுப்புவார்கள் என்று பேருந்தில்தான் ஆர்த்திகா சொன்னாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அனுப்பியிருந்தாலும் அவர்கள் லவாலுக்குத்தான் போயிருப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தோம். இறங்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஏனென்றால் நான் தொலைபேசியை வைத்தபோது ஒரு பெண் ஐஸ் எடுக்க வாளியோடு வந்தார். வயிற்றில் பிள்ளை, நிறைமாதம். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டாம் மாடிக்குப் போனார். இன்றைக்கும் அவர் அங்கே இருக்கக்கூடும். அவருக்கு வலி வந்தால் யார் எங்கே போவார்கள்?

எழுதுங்கள் அக்கா. திட்டியாவது எழுதுங்கள்.

லக்சனா

மொன்றியல்,
1 டிசெம்பர் 2024

அக்கா,

தபால்காரர்கள் வேலைநிறுத்தம். இதை இப்போது போட முடியாது, தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதும் நேரத்தில் மட்டும் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

வேலைநிறுத்தம் என்று என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். ஆனால் அது நவம்பர் நடுவில்தான் தொடங்கியது. அதற்கு முன்பும் நீங்கள் எழுதவில்லையே.

ஜனவரியில் அப்பாவை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஹோட்டலின் காப்புறுதிக்காரர்களின் கந்தோரில் நடக்குமாம். அப்பா இப்போது குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொலைபேசியில் கதைக்கிறார். நேற்று நான் கதவடியில் நின்று கேட்டேன்.

"உனக்குப் பதினெட்டு வயசு தாண்டிட்டுதுதானே. மறந்திட்டன் எண்டு சொன்னால் ஆருக்கும் ஒண்டும் வராது" என்றார். பிறகு மறுபக்கத்தில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "சாப்பிட்டியே?" என்றார் கடைசியில்.

அப்பா வேறு யாரிடம் அப்படிக் கேட்பார்? அம்மாவிடம்கூட அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை.

வெளியே வந்தபோது என்னைக் கண்டுவிட்டார். "என்ன பிள்ளை, ஒட்டுக்கேக்கிறியோ?" என்றார். கோபிப்பார் என்று நினைத்தேன். என்னுடைய தலையைத் தடவிவிட்டுப் போனார். முகம் நனைந்திருந்தது. குழாய்த் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

லக்சனா

ஒட்டாவா,
19 டிசெம்பர் 2024

என் அன்பு லச்சு,

தபால் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. நான் நன்றாக இருக்கிறேன். வேலை கூட, அதனால் எழுதவில்லை என்று எழுதத் தொடங்கி அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

அப்பா எனக்கு எடுத்தார். முதல்முறை ஒக்டோபர் கடைசியில் ஒருநாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. திரையில் அவருடைய இலக்கத்தைக் கண்டபோது அம்மாவுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று பயந்தேன்.

நான் வீட்டைவிட்டு வந்த அன்றைக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும், நீ படியில் இருந்தாய். "நான் உங்கட வாய் இல்லை அப்பா" என்றேன். "அப்ப இந்த வீட்டில வாயைத் திறக்காதை" என்றார். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம். இப்போது அவரே எடுத்து, என்னுடைய குரல் வேண்டும் என்கிறார்.

அந்தப் பதிவில் இருப்பது என்னுடைய குரல் என்று அப்பா சொல்லப்போகிறார். நான்தான் எடுத்தேன், முகவரி பிழை என்று அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன், அவர் தெரியாமல் கையெழுத்து வைத்தார் என்று. கேட்டால் நானும் அப்படியே சொல்வேன். ஓம் என்றுவிட்டேன். உன்னை அந்த அறைக்குள் யாரும் இழுக்கமாட்டார்கள், அப்பாவின் வேலையும் போகாது. எனக்கு என்ன, நான் வளர்ந்தவள், மறதிக்காரி என்று நான்கு பேர் நினைத்தால் நினைக்கட்டும். மருந்துக்கடையில் மட்டும் தெரியாமல் இருந்தால் போதும். மறதிக்காரியின் கையில் மருந்து கொடுக்கமாட்டார்கள்.

இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதாமல் இருந்தேன்.

நீ வாயைத் திறக்காதே லச்சு. இந்த ஒருமுறை மட்டும்.

அவர் உண்மையாகவே, சாப்பிட்டியே என்று கேட்டார்.

உன் அக்கா

மொன்றியல்,
10 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று முதலில் கேட்க வேண்டும், ஆனால் கை நிற்கவில்லை. இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

விசாரணை இன்றைக்குத்தான். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று அவர்கள் அப்பாவிடம் முன்பே கேட்டிருக்கிறார்கள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? வேண்டாம், என்னுடைய ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பல்வைத்தியரிடம் போவதாகப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டு, காலையில் என்னைக் காரில் ஏற்றினார். குடிவரவுக் கந்தோர், வங்கி, வைத்தியசாலை எல்லாவற்றுக்கும் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் போய், அது அவருக்குச் சட்டை போட்டுக்கொண்டு போவதுபோல. தன்னுடைய பிள்ளையின் குரல் பதிவாகியிருக்கும் இடத்துக்கு அதே பிள்ளையைக் கதைக்கக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் அந்தக் கதிரையில் இருந்த பிறகுதான் தோன்றியது.

மதாம் கனியோன் என்று ஒருவர்தான் விசாரித்தார். நரைத்த கட்டை மயிர், மேசையில் ஒரு தோடம்பழம். நல்ல மாதிரித்தான் கதைத்தார். நான் எவ்வளவு மெதுவாகக் கதைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக, வாயை மூடிக்கொண்டு கதைப்பதுபோல மொழிபெயர்த்தேன். பிறகு அவர் பதிவைப் போட்டார்.

"போன்ஷூர், இது ஒரு சோதனை அழைப்பு" என்று நான் சொல்கிறேன். அவ்வளவு சந்தோஷமான குரல், அக்கா. அன்றைக்குத் திரும்பும் வழியில் ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார்.

மதாம் பதிவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவிடம், இது யாருடைய குரல் என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அப்பா மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

"சொல்லு பிள்ளை. மூத்தவளின்ர குரல். அவள் எனக்குச் சொல்ல மறந்திட்டாள்."

நான் அதை ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். மூத்த மகளின் குரல், தனக்குச் சொல்ல அவள் மறந்துவிட்டாள் என்று அப்பா சொல்கிறார். மதாம் எழுதத் தொடங்கினார். உங்களுடைய பெயரைக் கேட்டார், அக்கா. எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். இரண்டு எழுத்து சொன்னேன். மூன்றாவது வரவில்லை.

"இப்போது நான் சொல்வது மொழிபெயர்ப்பு இல்லை" என்றேன். "அது என்னுடைய குரல்."

அவர் ஆச்சரியப்படவில்லை. தோடம்பழத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, "கடைசியில் வேறு மொழியில் ஏதோ இருக்கிறது. அதைச் சொல்வாயா?" என்று கேட்டுவிட்டு, மிச்சத்தைப் போட்டார்.

"அப்பா, இது லவாலுக்குப் போகுது."

"என்னது? திருப்பிக் கேள்."

"கேட்டனான். லவால்தானாம்."

"சரி, நீ வை. நான் சேருக்குச் சொல்லுறன்."

அப்பா தலையை நிமிர்த்தினார். தன்னுடைய குரலும் அதில் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை. நான் வரிக்கு வரி சொன்னேன். சேர் என்றால் யார் என்று மதாம் கேட்டார். நான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா அங்கிளின் முழுப் பெயரையும் தானே சொன்னார், பிரெஞ்சில். பார்க்கிங்கில் வைத்துச் சொன்னேன் என்றார். அதற்குப் பிறகும் கையெழுத்து வைத்தேன் என்றார். பிழை பிழையாகத்தான் கதைத்தார். ஆனால் என்னைப் பார்க்காமல் கதைத்தார்.

அது இன்னும் லவாலுக்குத்தான் போகிறது, நவம்பரில் நானே எடுத்துப் பார்த்தேன் என்றும் சொன்னேன். மதாம் எழும்பி, எங்கள் கண்முன்னாலேயே ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தார். இன்று இரவு பின்கட்டடத்தில் ஒருவரும் படுக்கக்கூடாது என்றார். இரண்டு தரம் சொன்னார், இரண்டாம் தரம் சத்தமாக.

காரில் வரும்போது அங்கிள் அப்பாவின் கைபேசிக்கு எடுத்தார். அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தார். அப்பா எடுக்கவில்லை. வீட்டுத் தெருவுக்குத் திரும்பியபோதுதான் கேட்டார்.

"நான் சொன்னதை முழுக்கச் சொன்னனியோ?"

"ஓம் அப்பா. முழுக்கச் சொன்னன். பேந்துதான் என்ர கதையைச் சொன்னன்."

தலையாட்டினார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. வேலை போய்விடும் என்று அம்மா குசினியில் அழுதார். அப்பா ஒரு தட்டு சோறு சாப்பிட்டார், பிறகு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். அம்மா அழுதுகொண்டே போட்டார்.

உங்களுடைய சொல்லைக் கேட்கவில்லை, மன்னியுங்கள். ஆனால் உங்களுடைய பெயர் அந்தத் தாளில் இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டது. அதையும் மதாம் வெட்டிவிட்டார், நான் பார்த்தேன். நீங்கள் எந்த மருந்தையும் மறக்கவில்லை, எதையும் மறக்கவில்லை. இனி அப்பா உங்களுக்கு எடுத்தால் அது உங்களிடம் எதையும் கேட்பதற்காக இருக்காது என்று நினைக்கிறேன். எடுப்பாரா என்றுதான்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்றால் தள்ளிக்கொண்டு வந்திருப்பார். அப்பாதான். "லக்சனா, நித்திரையோ? அக்காவின்ர வீட்டு அட்றெஸ் உன்னட்டை இருக்கோ?"